ஐந்தாம் எண் சாலை

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். செல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. கைப்பொருள் நம்மை விட்டுச் செல்வதையும் செலவு என்று வழங்கத் தொடங்கிய பின், நாளடைவில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. மாலை வேளையில் தமிழ் இலக்கியம் பயில வரும் எஸ்.பி.எம். மாணவர்களிடம், ‘தலைவன் செலவு மேற்கொண்டான்’ என்று யான் சொல்லும்போதெல்லாம், ‘எவ்வளவு ஐயா?’ என்று கேட்கும் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். வகுப்பே சிரிக்கும், யானும் சிரிப்பேன்.

இவ்வாண்டு அந்தக் கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது. ‘ஆண்டிறுதி விடுமுறையில் நாம் இருவர் மட்டும் ஒரு தீவுக்குச் சிறு செலவு மேற்கொள்வோமா?’ என்றேன். சமையற்கட்டிலிருந்து ‘எவ்வளவு?’ என்று பதில் வந்தது. என் துணைவியார் இலக்கியம் பயின்றவரல்லர். ஆயினும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓர் ஆசிரியனுடைய ஊதியத்தில் குடும்பம் நடத்தியவர். அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை.

எங்கள் இல்லற வாழ்வில் பயணங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. உறவினர் திருமணங்கள், தைப்பூசம், மாவட்ட விளையாட்டுப் போட்டி, மாணவர் சுற்றுலா என்று மலேசியாவின் பாதிப் பகுதியையாவது பார்த்திருப்போம். ஆனால் அவற்றுள் எந்தப் பயணத்திலும் எங்கள் மகிழுந்தின் பின்னிருக்கை காலியாக இருந்ததில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குச் சென்ற பின், என் மாமியார் எங்களுடன் பதினோராண்டு இருந்தார். கடைசி நான்காண்டு படுக்கையிலேயே கழிந்தது. சென்ற ஆண்டு அவரும் மறைந்தார். அதன் பிறகு வீட்டில் ஓர் அமைதி வந்து அமர்ந்தது. அமைதி இருவகைப்படும் என்பதை அப்போது உணர்ந்தேன். நாம் தேடிச் சென்று பெறும் அமைதி ஒன்று; நம்மைத் தேடி வந்து அமரும் அமைதி மற்றொன்று. முன்னது இளைப்பாற்றும், பின்னது கனக்கும். கனக்கும் அமைதியை இளைப்பாற்றும் அமைதியாக மாற்ற ஒரு சிறு பயணம் உதவக்கூடும் என்பதே என் எண்ணம்.

தீவு எது என்பது அடுத்த கேள்வி. பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசி நகரம் என்று பொருள். கரிய சதுப்பு மண்ணும் அன்னாசிக் காடும் கொண்ட எங்கள் ஊர் கடலை ஒட்டியதன்று. எனினும் பொந்தியான் மாவட்டத்தின் கடற்கரை எங்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது. அங்கே கூகுப் என்னும் மீனவச் சிற்றூருக்கு எதிரே கூகுப் தீவு கிடக்கிறது. 647 எக்டர் பரப்பு முழுவதும் அலையாத்திக் காடு. மனிதக் குடியிருப்பே இல்லை. 1997-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2003-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அமைதிக்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை. ஆனால் அங்குப் படகில்தான் போக வேண்டும், சாலை இல்லை. என் துணைவியாருக்குப் படகு ஒவ்வாது.

சாலை வழியே அடையும் தீவு வேண்டுமென்றால் பினாங்கு உண்டு. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர்ப் பாலமும், 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர்ப் பாலமும் அதனைக் கரையோடு பிணைக்கின்றன. ஆனால் விடுமுறை நாளில் அங்கே அமைதியைத் தேடுவது, சந்தைக்குள் சென்று தவம் செய்ய இடம் கேட்பதற்கு ஒப்பாகும். சிங்கப்பூரும் தீவே, பாலமும் உண்டு. அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

நாட்டுப்படத்தை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை கண்ணில் பட்டது. எங்கள் ஊரின் நடுவே செல்லும் கூட்டரசுச் சாலையின் எண் 5. ஸ்கூடாயில் தொடங்கும் அச்சாலை பெக்கான் நானாஸ், பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா, போர்ட்டிக்சன், பந்திங், கிள்ளான் என்று மேற்குக் கரையோரமாகவே வடக்கு நோக்கிச் சென்று ஈப்போவில் முடிகிறது. பந்திங்கைத் தாண்டியதும் அது தெலுக் பங்லிமா காராங் என்னும் சிற்றூரைத் தொடுகிறது. அங்கிருந்து இடப்புறம் திரும்பி லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வருவது கேரித் தீவு. என் துணைவியார் பிறந்த மண் அது.

அதாவது, நாள்தோறும் யான் பள்ளிக்குச் செல்லும் சாலையும், அவர் பிறந்த தீவின் வாயிலுக்குச் செல்லும் சாலையும் ஒன்றே. படத்தில் விரலை வைத்து அவருக்குக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். பிறகு, ‘அங்கே போயி எதைங்க பார்க்கப் போறோம்? லயமும் இல்லை, ஆளும் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து சென்றார்.

அகப்பாடல் மரபில் ‘செலவழுங்கல்’ என்று ஒரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தை நிறுத்தி நிற்பது அது. தொல்காப்பியர் இதற்கு நுட்பமானதொரு விளக்கம் தருகிறார். அப்படி நிற்பது போகாமலே இருந்துவிடுவதாகாது. தலைவியைத் தேற்றுவதற்காகத் தவிர்ந்து நிற்பதே என்பது அவர் கருத்து. எங்கள் வீட்டில் செலவழுங்கியவர் தலைவி. அதனால் யானும் வற்புறுத்தவில்லை. நாட்டுப்படம் மட்டும் மேசைமேலேயே கிடந்தது.

கேரித் தீவு ஒருவகையில் ஆற்றிடைக்குறை. லங்காட் ஆறு ஒருபுறமும் மலாக்கா நீரிணை மறுபுறமும் சூழ்ந்த தாழ்நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர் அங்குக் காடழித்து ரப்பர் பயிரிட்டார். தீவும் அவர் பெயர் பெற்றது. கடல்நீர் ஏறும் மண்ணில் மரம் வளர வேண்டுமென்றால் கரை எழுப்ப வேண்டும். வடிகால் வெட்ட வேண்டும். வடிகாலின் வாயில் தண்ணீர்க் கதவு அமைக்க வேண்டும். கடல் ஏறும்போது கதவு மூடும். இறங்கும்போது திறந்து உள்நீரை வெளியே விடும். இந்தக் கரைகளும் கதவுகளும் இல்லையேல் அந்தத் தோட்டங்கள் இல்லை. அந்த மண்ணில் உழைத்தவர்களுள் நம்மவர் பலர். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் வழிவந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றில்தான் என் துணைவியார் அகரம் எழுதக் கற்றார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய தாயார் செய்த வேலை இன்றைய மாணவருக்குப் புதுமையாகத் தோன்றும். செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். அக்காலத்தில் மகரந்தத்தை முகப்பூச்சு மாவோடு கலந்து, பெண்பூ மலரும் நாளறிந்து, அதன்மேல் கையால் ஊதுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பெண்களே பெரும்பாலும் இவ்வேலையைச் செய்தார்கள். ‘அம்மா வெள்ளைவெளேர்னு வருவாங்க, கிட்டப் போனா சோம்பு வாசம் அடிக்கும்’ என்று என் துணைவியார் சொல்வார். செம்பனைப் பூவுக்குச் சோம்பின் மணம் உண்டு என்பது அறிவியலும் ஒப்பும் உண்மை. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு சிறு கூன்வண்டு செய்கிறது. கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த வண்டு 1981-இல் எங்கள் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில்தான் முதலில் விடப்பட்டது. சிறிது காலத்திற்குள் நாடெங்கும் பரவியது. விளைச்சல் பெருகியது. மகரந்தம் ஊதிய பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஓர் எறும்பளவு வண்டு எத்தனை குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பியது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

1983-இல் அவருடைய தந்தையார் காய்ச்சலில் இறந்தார். தோட்டத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டே தாயார் பிள்ளைகளுடன் பெக்கான் நானாசுக்கு, அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்த தம் தமையனிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர்கள் கேரித் தீவுக்குப் போகவே இல்லை. தாயார் இருந்தவரை ஆண்டுதோறும் திதி நாளில் வீட்டில் விளக்கேற்றுவார். ‘மேட்டுப் பக்கம், தண்ணீர்க் கதவு தெரியுற இடம்’ என்று கல்லறையின் அடையாளத்தை ஒருமுறை சொல்வார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. சொல்லாமல் இருந்ததில்லை.

நாட்டுப்படம் மேசைமேல் கிடந்த ஒன்பதாம் நாள் காலையில், அதன் அருகே ஒரு பழைய நாட்காட்டித் தாள் கிடந்தது. அதன் பின்புறத்தில் பென்சிலால் ஒரு படம். கோயில், பள்ளி, ஆயாக் கொட்டகை, பிரட்டுக் களம், வடிகால், தண்ணீர்க் கதவு; அதற்கு அப்பால் ஒரு சிறு புள்ளி. புள்ளிக்குப் பெயர் எழுதப்படவில்லை.

‘அம்மாவும் போயிட்டாங்க. அண்ணன் அப்போ கைக்குழந்தை மாதிரி ஆசுபத்திரியில இருந்தாரு. அவருக்கு எதுவும் தெரியாது. அந்த இடம் தெரிஞ்சவ இனி நான் ஒருத்திதாங்க’ என்றார். கேரித் தீவில் பெரிய துறைமுகம் அமைப்பது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடப்பதை அவரும் செய்தித்தாளில் படித்திருக்கிறார். தோட்டம் தோட்டமாகவே என்றும் இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அவர் தயங்கியது செலவுக்காகவோ தொலைவுக்காகவோ அன்று. போய்த் தேடி, அந்த இடம் இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சமே அது. போகாதவரை அந்தக் கல்லறை அவர் நினைவில் பத்திரமாக இருந்தது.

அந்த அச்சத்திற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ‘இல்லையென்றால், தண்ணீர்க் கதவருகே நின்று விளக்கேற்றிவிட்டு வருவோம்’ என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர், ‘அப்படின்னா விளக்கையும் எண்ணெயையும் இப்பவே எழுதி வைங்க’ என்றார். திட்டம் அந்த நொடியில் தொடங்கியது.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. வழி அறிந்தவன், அறியாதவனுக்கு வழியும் ஊரும் உணவும் சொல்லி அனுப்புவது அவற்றின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டுக்கறி கிடைக்கும் என்பது வரை சொல்லப்படும். எங்கள் திட்டத்தாளும் அவ்வாறே அமைந்தது. முதல் நாள் விடியலில் புறப்பாடு. பொந்தியானில் பசியாறல். பத்து பகாட்டையும் மூவாரையும் கடந்து, மலாக்காவில் தங்கல். மூவார் ஆற்றில் 1967-இல் பாலம் திறக்கப்படும் வரை வண்டிகள் மிதவையில் ஏறித்தான் கடந்தன. நாம் ஒரு நிமிடத்தில் கடப்போம். மலாக்காவில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தில் வழிபாடு. இது அவர் சேர்த்தது. மதிய உணவுக்குக் கையிலேயே புளிச்சோறு, இதுவும் அவரே. இரண்டாம் நாள் போர்ட்டிக்சன், பந்திங் வழியாகத் தீவு. தோட்ட அலுவலகத்தில் முன்னரே அனுமதி கேட்க வேண்டும். கடிதம் எழுதுவது என் பொறுப்பு. கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையோரப் பாதை சேறாக இருக்கக்கூடும். நேரம் இருந்தால் சுங்கை பும்புன் சிற்றூரில் மா மெரி பூர்வகுடியினரின் மரச்சிற்பங்களைக் காணலாம். தம் முன்னோரின் முகங்களை மரத்தில் செதுக்கி வைத்துக்கொள்ளும் மக்கள் அவர்கள். அன்றிரவு பந்திங்கில் தங்கி, மறுநாள் விரைவுச்சாலையில் வீடு திரும்பலாம்.

ஒருவழித் தொலைவு 350 கிலோமீட்டருக்குக் குறையாது. விரைவுச்சாலையில் போனால் பாதி நாளில் முடியும் பயணத்திற்கு ஒன்றரை நாள் எதற்கு என்று மகன் தொலைபேசியில் கேட்டான். எதிரெதிரே அமர்ந்து பேச முடியாத சிலவற்றை, அருகருகே அமர்ந்து ஒரே சாலையைப் பார்த்தபடி பேசிவிடலாம். பேசாமலும் இருக்கலாம். அதற்கு மெல்லச் செல்லும் சாலையே தக்கது. அவனுக்கு இதை யான் விளக்கவில்லை. அவன் பின்னிருக்கையும் ஒருநாள் காலியாகும்.

பட்டியலின் கடைசி வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது: அன்னாசி ஆறு. ‘தோட்டத்துல யாராச்சும் பழைய ஆளு இருந்தா வெறுங்கையோட போகக் கூடாதுங்க’ என்றார். ஆள் இல்லை என்று சொன்னவரும் அவரே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். விடுமுறை முடிந்து வரும் மாணவரிடம் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். எங்கும் செல்ல இயலாத வீட்டுப் பிள்ளை அன்று தலைகுனிந்து அமர்ந்திருக்கும். அதற்கு மாறாக, ‘என் தாயார் பிறந்த ஊருக்குச் செல்லும் வழி’ என்று எழுதச் சொல்லிப் பார்க்கலாம். ஊர்ப்பெயர், சாலை, ஆறு, அங்கு நடந்த வேலை, யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பவற்றைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டறிய வேண்டியிருக்கும். தோட்டங்கள் கைமாறுகின்றன; லயங்கள் இடிகின்றன; வழி சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொருவராக மறைகின்றனர். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கும் பிள்ளை, தன் குடும்பத்திற்கு ஓர் ஆற்றுப்படை செய்கிறது.