ஜனவரி 1, காலை 5.30

பொங்கல் விடுமுறை பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் எங்க வீட்டு ரவுட்டர் பற்றி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. இதில் ஒரு அண்ணனுக்கு நான் செய்த தப்பும் இருக்கு.

பாலக்கோட்டில் எங்க அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். முன்னாடி கடை, பின்னாடி வீடு, ரெண்டுக்கும் ஒரே ரவுட்டர். பக்கத்து வீட்டு அண்ணன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர். சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணி வரை எங்க கடைப்படியில் உட்கார்ந்து வைஃபையில் பழைய வினாத்தாள் இறக்கிக்குவார். அப்பாதான் அனுமதி கொடுத்தது. விடியக்காலையிலும் அதே படியில்தான் படிப்பார், தெருவிளக்கு அங்கேதான் நல்லா எரியும்.

ஜனவரி 5-ந்தேதி ரவுட்டரில் "புதிய மென்பொருள் வந்துள்ளது" என்று காட்டியது. நான்தான் பெரிய ஆள் மாதிரி அப்டேட் கொடுத்தேன். முடிந்ததும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து போச்சு. அப்பா திட்டுறதுக்குள்ளே புதுப் பெயர் வைத்து, இணைப்புக் கம்பெனி கொடுத்த சீட்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணைப் போட்டு ஒருவழியா சரி செய்தேன்.

அப்புறம் சும்மா இருக்காமல் லாக் என்ற பகுதியைத் திறந்தேன். ரவுட்டர் தனக்கு நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிற டைரி அது. அதில் முதல் வரிகளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஜனவரி 1, காலை 5.30 முதல் 5.52 வரை யாரோ நிர்வாகியாக உள்ளே நுழைந்திருக்கிறார். அமைப்பை மாற்றியிருக்கிறார். டி6 என்று தொடங்கும் முகவரியுள்ள ஒரு புதுப் போன் சேர்ந்திருக்கிறது. அதுக்குக் கீழே வேற வேற நாட்டு முகவரிகளிலிருந்து 23-ஆம் எண் கதவைத் தட்டினார்கள், தடுக்கப்பட்டது என்று வரிசையாக வரிகள்.

புத்தாண்டு அன்று விடியற்காலை நாங்க எல்லாரும் கோயிலில் இருந்தோம். அந்த நேரத்தில் கடைப்படியில் யார் இருந்திருப்பார்? நான் அப்பாவிடம் பேரைச் சொல்லவில்லை. "யாரோ ஹேக் பண்ணியிருக்காங்கப்பா, காலையில அஞ்சரைக்கு" என்று மட்டும் சொன்னேன். அது பேரைச் சொன்ன மாதிரிதான்.

அப்பா நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். "என்ன தங்கச்சி, படிக்கத்தானே இடம் கொடுத்தேன், உன் மகன் என்ன வேலை பண்ணி வச்சிருக்கான் பாரு" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து படிக்கு வரவில்லை.

நான் லாக்கைப் போட்டோ எடுத்து நம்ம கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் பெருமையாகக் காட்டினேன். மிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "1-ந்தேதிக்கு அடுத்த வரி 5-ந்தேதி. நடுவுல 2, 3, 4 எங்கேப்பா?"

எனக்கு வாய் அடைத்துப் போச்சு.

விஷயம் இதுதான். நம்ம வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. அணைத்துப் போட்டால் நேரம் மறந்து போகும். இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் வெளியே இருக்கிற நேர சர்வரைக் கேட்டுச் சரி செய்துகொள்ளும். அதுவரை யூனிக்ஸ் முறையில் நேரம் எண்ண ஆரம்பித்த புள்ளியிலிருந்து ஓடும். அது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு 12 மணி. இந்திய நேரம் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னால் அல்லவா? அதனால் நமக்குக் காலை 5.30. எங்க ரவுட்டர் லாக்கில் வருஷம் எழுதவில்லை, நான் இந்த வருஷம் என்று நினைத்துவிட்டேன். 1970-இல் எங்க அப்பாவே பிறக்கவில்லை. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி 5 வருஷம்கூட ஆகவில்லை!

அந்த 22 நிமிஷம் நான் சீட்டைத் தேடிக்கொண்டு ரவுட்டரோடு மல்லுக்கட்டிய 22 நிமிஷம். உள்ளே நுழைந்த நிர்வாகி நான்தான்.

அப்போ டி6 போன்? எங்க அம்மாவுடையது. இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரி உண்டாக்கிக் காட்டும். ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்தும் ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்தும் இப்படித்தான். நான் வைஃபைக்குப் புதுப் பெயர் வைத்ததால் போனும் புது முகவரி எடுத்துக்கொண்டது. முகவரியில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இதில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது இப்படி உண்டாக்கியதுதான். அம்மா போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தேன். அதே டி6.

23-ஆம் கதவைத் தட்டியது மட்டும் நிஜம். அது டெல்நெட் என்ற பழைய வழி. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத ரவுட்டரையும் கேமராவையும் தேடி, உலகம் முழுக்க நிரல்கள் ராத்திரி பகல் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருக்குமாம். 2016-இல் மிராய் என்ற நிரல், அப்படிப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ந்தேதி அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திணறின. மிராயை எழுதியவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர். நம்ம பசங்க விளையாடுறாங்களே மைன்கிராஃப்ட், அதன் சர்வர் போட்டியில் ஆரம்பித்த வேலையாம் அது. எங்க ரவுட்டரில் நிர்வாகி பாஸ்வேர்டு என்னவா இருந்தது தெரியுமா? அட்மின். உங்க வீட்டிலும் இன்றைக்கே பாருங்க.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ரெண்டு பேரும் போலாம்" என்றார். அங்கே போய் அப்பாவே முதலில் பேசினார். நான் புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அண்ணனிடம் நீட்டினேன். "பரவாயில்ல விடுடா" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அம்மா மட்டும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் இப்போ கிளை நூலகத்தில் படிக்கிறார். நான் தினமும் ராத்திரி லாக்கைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் அவர் போன் வரவில்லை.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு