எந்த நாளின் நீலம்?

1/24 அளவு ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார் மாடல் ஒன்றை வெள்ளை பிரைமரோடு அலமாரியில் நிறுத்திவிட்டு, அதற்கான நீலத்தைத் தேடிக்கொண்டிருந்த மாதங்கள்தான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் இனித்த காலம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பெயிண்ட் அடித்துவிட்டால் தேடல் முடிந்துபோகும் என்பதற்காகவே அடிக்காமல் வைத்திருந்தேன். வீட்டில் கேட்டால், “சரியான கலர் இன்னும் கிடைக்கல” என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

தேடியது கல்ஃப் நீலம். கார் பந்தயம் பக்கமே போகாதவர்கள்கூட இந்தச் சேர்க்கையை எங்கோ பார்த்திருப்பார்கள்: வெளிறிய நீல உடம்பு, நடுவே ஆரஞ்சுப் பட்டை. ஸ்டீவ் மெக்வீன் நடித்து 1971இல் வந்த ‘லெ மான்ஸ்’ படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எனக்குப் பித்துப் பிடித்ததும் அந்தப் படத்தில்தான். வரலாற்றுப்படி சரியான நிறம் வேண்டும் என்று வாய் சொன்னாலும், மனசு கேட்டது மெக்வீன் ஓட்டிய வண்டியின் நீலத்தை.

வரலாறு என்று பார்த்தால், கல்ஃப் எண்ணெய் நிறுவனத்துக்கே இது சொந்த நிறம் இல்லை. அவர்களுடையது அடர்நீலமும் ஆரஞ்சும். நிறுவனத்தின் மேலதிகாரி கிரேடி டேவிஸ் வாங்கிய ஜிடி40 அடர்நீலத்தில்தான் பந்தயம் ஓடியது. ஓடுகளத்தில் அது எடுபடவில்லை. கல்ஃப் விலைக்கு வாங்கியிருந்த கலிஃபோர்னியாவின் வில்ஷயர் எண்ணெய் நிறுவனத்துக்கு வெளிர்நீலமும் ஆரஞ்சும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் இருந்த ஜான் வையரின் அணி 1967இல் தன் மிராஜ் காருக்கு அந்த நிறத்தைப் பூசியது. அந்த ஆண்டே ஸ்பா 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜாக்கி இக்ஸும் டிக் தாம்சனும் அதில் வென்றார்கள். ஆக, நான் மாதக்கணக்கில் துரத்திய ‘அசல்’ இரவல் நிறம்.

நான் செய்துகொண்டிருந்த வண்டியின் சேசிஸ் எண் பி/1075. 1968, 1969 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற அதே ஜிடி40. 68இல் எண் 9, பெத்ரோ ரோட்ரிகஸும் லூசியன் பியாங்கியும் ஓட்டியது. 69இல் எண் 6, இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். இந்த இரண்டு ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீலம் ஒத்துவராது. பிரான்சில் மே மாதம் நடந்த கலவரங்களால் 68 பந்தயம் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போயிருந்தது. 69இல் வழக்கம்போல ஜூன். சூரியனே வேறு இடத்தில் இருந்தது. போதாததற்கு, அந்தக் காலத்து வண்ணப் படச்சுருள்கள் பலவற்றில் இருட்டில் பூட்டி வைத்தாலும் முதலில் மங்குவது சியான் சாயம். வெளிர்நீலத்தை நீலமாகக் காட்டுவதே அதுதான். கோடாக்ரோம் தாக்குப்பிடிக்கும், மற்றவை சாம்பலுக்கோ ரோஜா நிறத்துக்கோ சரிந்துவிடும். நான் சாட்சிக்கு அழைத்த படங்களில் பாதி, ஞாபகமறதி உள்ள சாட்சிகள்.

கடைசியில் தெரு முனையில் இருக்கும் டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். அங்கே பெயிண்டர் கையால் ஷேடு சேர்ப்பார். படங்களைக் காட்டி, “அண்ணே, இந்தக் கலருக்கு சரியான கோடு எது?” என்றேன்.

“கோடு கம்பெனில இருந்து வந்த அன்னிக்கு சார். இந்த வண்டி எத்தன நாள் வெயில்ல நின்னுச்சு?”

அடிபட்ட கதவுக்கு டச்சப் செய்யும்போது டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை அவர் அப்படியே நம்புவதில்லையாம். பக்கத்துப் பேனல் இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் சேர்ப்பார். எண்ணை நம்பி அடித்த கதவு தனியாகத் தெரியும். எந்த நீலம் என்று கேட்டுக்கொண்டிருந்த நான், எந்த நாளின் நீலம் என்று கேட்க ஆரம்பித்தது அங்கேதான்.

68 என்று முடிவு செய்தேன். அதன் பிறகும் டப்பா நிறத்தை அப்படியே அடிக்க முடியாது. சிறிய மாடலில் அதே பெயிண்ட் அடர்த்தியாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருளைக் காற்று மங்கலாக்குகிறது, அதனால் மாடலுக்கு வெள்ளை சேர்க்க வேண்டும் என்று மாடல்காரர்கள் சொல்வதுண்டு. விமானம், கப்பலுக்கு அது பொருந்தலாம். 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும் 1/24 கார், நிஜக் காரை 7.2 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். ஏழு மீட்டர் காற்று என்ன செய்துவிடும்? பரப்புதான் காரணம் என்பது என் கட்சி. வெளிர் நிறம் பெரிய பரப்பில் இன்னும் பளிச்சென்று தெரியும். சுவருக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுத்துவிட்டுத் திகைத்தவர்களுக்கு இது தெரியும்.

பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கரண்டிகளின் முதுகில் அடித்துப் பார்த்தேன். வெள்ளையில் நீலம், அதில் கறுப்பு ஒரு பொட்டு. ஒவ்வொரு கரண்டிக்கும் வெள்ளை கூடிக்கொண்டே போனது. வெயிலில் பிடித்திருந்த கரண்டி, அலமாரியின் மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் பச்சை தட்டியது. மாடல் வாழப்போவது அலமாரியில். அந்த வெளிச்சத்தில் நின்ற கரண்டியையே எடுத்துக்கொண்டேன். மழைநாள் ஈரத்தில் லாக்கர் வெண்மை பூத்துவிடும் என்பதால் அடிப்பதை வெயில் நாளுக்குத் தள்ளினேன். இந்த முறை உண்மையான காரணம்.

ஆரஞ்சுப் பட்டை வேறு வகைத் தொல்லை. ஆரஞ்சு நன்றாக மூடாது. நீலத்தின் மேல் அடித்தால் அழுக்குப் பழுப்பாகும். அதனால் முதலில் பட்டைக்கு வெள்ளை, அதன் மேல் ஆரஞ்சு, பிறகு அதை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு நீலம். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்துவதில்தான் கோடு நேராக வருவதும் கசிவதும் இருக்கிறது.

கடைசியில் அடித்த நீலம் மெக்வீன் நீலம் இல்லை. அதைவிட ஒரு சாயல் வெளுப்பு. அந்தப் படத்து நீலத்தின் மேல் எனக்கு ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பெட்டியில் போர்ஷே 917 காத்திருக்கிறது. 1970 லெ மான்ஸில் ஜான் வையரின் மூன்று கல்ஃப் 917களும் பாதியில் நின்றுவிட, ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுடும் வென்ற சால்ஸ்பர்க் அணியின் 23ஆம் எண் வண்டி, சிவப்பும் வெள்ளையும். “சிவப்புன்னா சிவப்புதானே, இதுக்கும் தேடணுமா?” என்கிறார்கள் வீட்டில். கரண்டிகள் வாங்கி வைத்திருக்கிறேன்.