ஒரே வாங்கில்

திங்கட்கிழமை

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையின் அதிபர் அன்போடு கேட்டுக்கொண்டதற்கிணங்கி, வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பரிகாரக் கற்பித்தல் வகுப்பு நடத்தி வருகின்றேன். இன்று மூன்றாந் தரத்திற் சமயபாட வேளை வந்ததும், பிள்ளைகள் தத்தம் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். சைவநெறி கற்போர் அங்கேயே இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகள் அடுத்த அறைக்கும், மெதடிஸ்த சபைப் பிள்ளைகள் விறாந்தைக்கும், நகரத்துக் கடைக்காரர் குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் சிலர் நூலக மூலைக்கும் சென்றனர். மணி அடித்ததும் எல்லோரும் திரும்பி வந்து, முன்னர் விட்ட இடத்திலேயே அமர்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் எட்டிப் பார்க்கலாயினர். வீட்டிற் பாட்டி இன்னமும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகின்ற பறங்கிச் சிறுமியும், தகப்பன் வாவியில் வலைவீசிப் பிழைக்கின்ற சிறுவனும், கச்சேரி உத்தியோகத்தரின் மகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள்.

இந்தப் பாடசாலை தன் மாணவருக்குச் செய்யும் உபகாரங்களுள் முதன்மையானது எதுவென்று என்னைக் கேட்டால், இந்த வாங்கைத்தான் காட்டுவேன்.

ஏனைய உதவிகளைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ணலாகாது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1980 முதல் கிடைக்கும் இலவசப் பாடநூல்களும், 1993 முதல் வழங்கப்படும் சீருடைத் துணியும், காலையிற் பசியோடு வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒருவேளை உணவும் இல்லாதிருந்தால், இந்த வகுப்பிலுள்ள பிள்ளைகளிற் பலர் படலையைத் தாண்டியே வந்திருக்க மாட்டார்கள். ஆயினும், வந்த பிள்ளை எவரோடு இருந்து, எந்த வேகத்திற் கற்கின்றது என்பதே அதன் பின்னைய வாழ்வைத் தீர்மானிக்கின்றது.

செவ்வாய்க்கிழமை

வலைவீசுபவரின் மகன் இன்று முதன்முறையாக ஒரு பக்கத்தை முடிவுவரை வாசித்தான்.

அவனுடைய அம்மம்மா முன்னொரு நாள் வந்து, “என்ட புள்ளைக்கு எழுத்துத்தான் சேர் வராது, வாயால கேட்டா எல்லாஞ் சொல்லுவான்” என்றார். அது மெய்யே. மாரிகாலத்தில் முகத்துவாரம் எப்போது வெட்டுண்டு கடலோடு சேரும், எந்த நிலவில் றால் அதிகம் படும் என்பனவற்றை, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்துக்குப் புத்தகம் எழுதியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கக்கூடிய அளவுக்கு அவன் அறிவான். ஆனால் அச்சிட்ட எழுத்தைக் கண்டால் அவன் முகம் வாடிவிடும். எனவே புத்தகத்தை மூடிவைத்து, அவன் வாயிலிருந்து வந்த தோணி, வலை, றால், நண்டு ஆகிய சொற்களையே அட்டைகளில் எழுதி, அவற்றைக் கொண்டு வாக்கியம் அமைக்கச் செய்தேன். பறங்கிச் சிறுமி தானாகவே வந்து, அட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, அவனோடு விளையாடத் தொடங்கினாள். நான் ஒரு தவணை முழுவதும் முயன்று பெறாத பலனை அவ்விளையாட்டுச் சில நாட்களிலே தந்தது.

1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்றையும் சேர்த்தே கற்பித்தல் நிகழவேண்டுமென்று வகுத்தது. இளைய தரங்களில் விளையாட்டு மிகுந்தும், ஐந்தாந் தரத்தை நெருங்குகையில் மேசைவேலை மிகுந்தும் அமைய வேண்டுமென்பது அதன் கருத்து. வகுத்தவர்கள் குழந்தையின் மனத்தை நன்கு அறிந்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதன்கிழமை

மழை, வரவு குறைவு. நூலகத்தைச் சீர்படுத்தினோம். பழைய நூல்களைத் தட்டி அடுக்குகையில், இந்நகரின் கல்விக்கு வழியமைத்தவர்களின் நினைவு வந்தது.

வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் 1814இல் இங்கு வந்து, மறுவருடமே நோயினால் இறந்துபோவதற்குள் பாடசாலைகளை ஆரம்பித்தார். காரைதீவிற் பிறந்து, இந்நகரின் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்ற விபுலாநந்த அடிகள், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்து, ஏழை மாணவருக்கு உண்டியும் உறையுளும் கல்வியோடு சேர்த்தளித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கும் சென்று கற்பித்தவர் அவர். கத்தோலிக்கக் கல்லூரியிற் கற்ற சைவச் சிறுவன் துறவியாகி இத்தனை பேருக்கு வழிகாட்டினான் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை

கச்சேரி உத்தியோகத்தரின் மனைவி இன்று மிகுந்த கவலையோடு வந்தார். மகளுக்கு ஸ்கொலசிப் சோதனைக்கான மாதிரி வினாத்தாள்களை இப்பொழுதே செய்விக்க வேண்டுமென்றும், மெல்லக் கற்பவரின் பக்கத்தில் இருப்பதாற் பிள்ளையின் வேகம் குறைந்துவிடுமென்றும், இருக்கையை மாற்றித் தரும்படியும் அதிபரிடம் வேண்டினார். அந்தத் தாயின் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை, ஏழை மாணவருக்கு உதவிப்பணம் கொடுப்பதற்கும், திறமையுடையோரை வசதிமிக்க பாடசாலைகளிற் சேர்ப்பதற்கும் ஏற்பட்டது. நல்ல நோக்கமே. ஆனால் வசதிமிக்க பாடசாலைகள் சிலவாகவும், மற்றவை பலவாகவும் நெடுங்காலம் இருந்துவருவதால், பத்து வயதுப் பிள்ளையொன்று வெட்டுப்புள்ளிக்கு மேலேயா கீழேயா என்பதைக் குடும்பமே தன் மானமாகக் கொள்கின்றது. சித்தியடைந்தோரின் படங்கள் சந்திகளிற் பதாகைகளாகத் தொங்குகின்றன. தவறியவர்கள் அவற்றின் கீழால் நடந்து பாடசாலைக்கு வருகிறார்கள். மூன்றாந் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகின்றது. விளையாட்டு மிகுந்திருக்க வேண்டிய பருவத்தை மேசைவேலை விழுங்கிவிட்டது.

பரீட்சையை ஒழித்துவிட்டாற் போதும் என்போருடன் நான் உடன்படேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள ஒரு விவசாயியின் மகளுக்கு நல்ல பாடசாலையொன்றின் வாயில் திறக்கும் வழி இன்றுவரை அது ஒன்றே. கிழக்குக் கரையான எழுவான்கரையில் வசிக்கும் ஆசிரியர்கள் நாள்தோறும் வாவியைக் கடந்து அங்கே கற்பிக்கச் செல்கிறார்கள். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டதாற் பெரும் வசதி உண்டாயிற்று. ஆயினும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகிலே கடப்பவர்கள், அது புறப்படும் நேரத்துக்கே தங்கள் வேலைநேரத்தைப் பொருத்த வேண்டியிருக்கின்றது. பாடம் முடிந்தபின் மெல்லக் கற்கும் பிள்ளையோடு அரைமணி நேரம் தங்கியிருக்க அவர்களால் எப்படி முடியும்? அக்கரையிலே ஆசிரியர் தங்குவதற்கு விடுதிகள் கட்டி, அங்குள்ள ஆரம்பப் பிரிவுகளை இக்கரைப் பாடசாலைகளுக்குச் சமமாக்கிவிட்டால், பரீட்சையின் கொடுமை தானாகவே தணியும்.

இருக்கையை அதிபர் மாற்றவில்லை. சிறுமியின் வாசிப்பையும் கொப்பிகளையும் தாயாருக்குப் பொறுமையாகக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை

யுத்தம் உக்கிரமாயிருந்த 1996இல், இதே நகரிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கிற்று. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்கு மூலகாரணர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும், கொலைகளையும் இடப்பெயர்வையும் கண்டு வாயடைத்துப்போன குழந்தைகள் பஸ்ஸில் அழைத்துவரப்பட்டு, மரநிழலிற் களிமண் பிசைந்தும், சித்திரம் தீட்டியும், கதை கட்டியும், நாடகம் ஆடியும் ஒன்றாயிருந்தார்கள். இரு சமூகத்துப் பெரியவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய காலத்தில் அது நிகழ்ந்தது. அன்று சாத்தியமானது, சமாதான காலத்தில் எங்கள் பாடசாலைகளுக்கு ஏன் சாத்தியமாகவில்லை என்று பலகாலம் நினைத்ததுண்டு.

நிர்வாகம் ஒரு காரணம். எங்கள் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. அவற்றுள் மட்டக்களப்பு மத்தி, ஒன்றோடொன்று தொடர்ந்திராத காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளைக் கொண்டது. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையே ஒரு தெருவே எல்லை. எனினும் இரு பக்கத்துப் பிள்ளைகளும் வெவ்வேறு பணிமனைகளின் கீழ், வெவ்வேறு விடுமுறைகளோடு வளர்கிறார்கள். இரு சாராரும் பேசுவது தமிழ். கற்பது ஒரே பாடநூல். நோன்பு மாதத்துக்கேற்ப விடுமுறை கிடைப்பதும், தம் சமூகத்தின் பாடசாலைகளைத் தாமே கவனிப்பதும் முஸ்லிம் மக்களுடைய நியாயமான உரிமைகளே. மாதத்தில் ஒருநாள் சேர்ந்திருப்பதற்கு அவ்வுரிமைகள் எவ்விதத்திலும் தடையாகா.

ஆகவே இன்று அதிபரும் நானும் இருந்து, மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு ஆகிய மூன்று வலயக் கல்விப் பணிமனைகளுக்கும் மூன்று கடிதங்கள் எழுதினோம். எங்கள் மூன்றாந் தரத்துப் பிள்ளைகளும், காத்தான்குடிப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளும், வவுணதீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளும் மாதத்தில் ஒருநாள் ஓரிடத்திற் கூடி, கலந்து அமர்ந்து, கதை வாசிக்கவும் சொல்லட்டை விளையாடவும் அனுமதி கேட்டிருக்கின்றோம். முதற் கூட்டம் எங்களிடத்தில். அடுத்தவை முறையே மற்ற இரண்டிடங்களிலும். வாசிப்பில் மெல்லச் செல்வோரை விட்டுவிட்டுக் கெட்டிக்காரரை மட்டும் அனுப்பலாகாது என்பதை அதிபர் தம் கையால் அடிக்கோடிட்டார். பஸ் செலவைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்பதாயிருக்கின்றோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கையில், உணவு சமைக்கும் தாய்மாரில் ஒருவர், அன்றைக்குப் பருப்பும் பூசணிக்காயும் கீரையுமாக மரக்கறிச் சமையலே செய்துவிடலாம், புதுச் சட்டிபானை வாங்கித் தந்தாற் காத்தான்குடித் தாய்மாரையும் கூட்டிவந்து சேர்ந்தே சமைக்கலாம் என்றார். அந்த யோசனையையும் கடிதங்களிற் சேர்த்து, சட்டிபானைக்கான தொகையைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதினோம்.