ஒரு துறைமுகத்துக்கு ஓர் இடம் போதும்

வானொலியில் எனக்கு நேரம் என்பது வினாடிக் கணக்கு. செய்தி தொடங்க 10 வினாடி இருக்கும்போது பேச்சை முடித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் ஐரோப்பியக் கப்பல் பயணத்துக்கும் திட்டம் போட்டேன். ஏழு இரவு, ஆறு துறைமுகம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். கணினியில் நான் போட்டு வைத்த அட்டவணையைப் பார்த்த அப்பா, "என்னம்மா இது, சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கு?" என்றார்.

சரக்குப் பட்டியல் அவருக்கு நன்றாகத் தெரியும். தஞ்சோங் பகாரிலும் பிறகு பாசிர் பாஞ்சாங்கிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொள்கலன் லாரி ஓட்டியவர். சிங்கப்பூருக்கு முதல் கொள்கலன் கப்பல் 1972 ஜூன் மாதம் ராட்டர்டாமிலிருந்து வந்தது என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்களுக்குச் சொல்லிவிடுவார். ஆனால், பாத்தாம் படகைத் தவிர வேறு எந்தக் கப்பலிலும் அவர் பயணியாக ஏறியதில்லை. அவருக்கு எழுபது வயது நிறைந்ததற்கு என் பரிசுதான் இந்தப் பயணம். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கும் கப்பல்தான் வசதி என்று நினைத்தேன். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், ஊர்கள் நம்மைத் தேடி வரும் அல்லவா?

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை ரோம் நகரில் தெரிந்துகொண்டேன். அதற்கு முன், போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் விவரங்கள்.

எப்போது, எந்தக் கப்பல்?

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல்களுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் முக்கியப் பருவம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஜூன் விடுமுறையை விட்டால் வழியில்லை. அப்படியென்றால் மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். ஜூலை நெருங்க நெருங்க வெயிலும் கூட்டமும் கூடும். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் செப்டம்பர் பிற்பகுதியைத் தேர்ந்தெடுத்தோம்.

பார்சலோனாவில் ஏறி, மார்சே, ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், ஒரு நாள் முழுக்கக் கடலில், பிறகு பால்மா, மீண்டும் பார்சலோனா என்பது எங்கள் வழித்தடம். கப்பல் புறப்படும் நாளில் போய் இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே போனோம். 1882ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சக்ராடா ஃபமீலியா தேவாலயத்தை அவசரமில்லாமல் பார்க்கவும், உடம்பு ஐரோப்பிய நேரத்துக்குப் பழகவும் அது உதவியது. அந்தத் தேவாலயத்துக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

தலைசுற்றல் வரும் என்று பயப்படுபவர்கள், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும்.

மூவருக்கும் விமானம், விடுதி, கப்பல், ஊர் சுற்றும் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11,000 வெள்ளி ஆனது. விளம்பரத்தில் வரும் கட்டணத்தோடு இன்னும் என்னென்ன சேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தலைக்கும் தனியாகக் கணக்கில் ஏறும். இணையத் தொடர்பு, குளிர்பானம், கரைச் சுற்றுலா எல்லாவற்றுக்கும் தனிக் காசு. நடுக்கடலில் கைப்பேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் அதுவாகவே இணைந்து, வீடு திரும்பியதும் பெரிய கட்டணச் சீட்டு வந்து நிற்கும்.

கடப்பிதழும் பெட்டியும்

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடப்புக்கு வந்துள்ளது. அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

நம் குடும்பங்களில் ஒருவராவது இந்தியக் கடப்பிதழுடன் நிரந்தரவாசியாக இருப்பார். அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் தேவை. கப்பல் இடையில் துருக்கி, மொண்டெனேகுரோ போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டில் நின்று திரும்பினால், ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா கேளுங்கள்.

பெட்டி விஷயத்தில் அம்மாவிடம் நான் தோற்றேன். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைச் சேலைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்தார். கப்பலில் ஏறும்போது பெட்டியைச் சோதித்தவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தீ அபாயம் காரணமாக ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் அறையில் வைத்திருக்க விடமாட்டார்கள். நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் தாராளமாகப் போகும்.

அம்மா சுத்த சைவம். பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டு, முதல் இரவு உணவு மேசையில் தலைமைப் பரிமாறுநரிடமும் சொன்னோம். இரண்டாம் நாள் முதல் அம்மாவுக்குத் தனியாகப் பருப்பும் காய்கறிக் கறியும் வந்தன. பரிமாறிய தம்பிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. "அம்மா, ரசம் மட்டும் கேக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் நாள் பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். மருந்து, மாற்றுடை, கடப்பிதழ் மூன்றையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ரோமில் பட்ட பாடு

மார்சேயும் ஜெனோவாவும் என் அட்டவணைப்படியே நடந்தன. அந்தத் தைரியத்தில் நான்காம் நாள் ரோமில் நான்கு இடங்களை அடுக்கியிருந்தேன். கொலோசியம், திரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள், புனித பீட்டர் பேராலயம்.

கப்பல் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. ஆனால் கப்பல் நிற்கும் இடம் ரோம் இல்லை. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோமுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகப் பேருந்தில் வாசல்வரை, அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில். மாலை ஆறு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். போக வர நேரத்தைக் கழித்தால் ரோமுக்குக் கிடைத்தது ஆறு மணி நேரம்தான்.

கொலோசியத்தில் அம்மா சமாளித்தார். ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் கருங்கற்கள் முழங்காலுக்குப் பகை. திரெவி நீரூற்றுக்கு வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. ஸ்பானியப் படிகளைப் பார்த்ததும், 'அப்பாடா' என்று முதல் படியில் உட்கார்ந்தார். உடனே விசில் சத்தம். ஒரு காவலர் எழுந்திருக்கச் சொல்லிக் கையசைத்தார். அந்தப் படிகளில் உட்கார 2019ஆம் ஆண்டு முதல் தடை. அது எனக்குத் தெரியும். அட்டவணையில் குறித்தும் வைத்திருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்போதும் நான், "இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா சத்தம் போடவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா. நாங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்கோம்" என்றார். டாக்சியில் சான் பியெத்ரோ ரயில் நிலையம் போனோம். அவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டுப் பேராலயத்துக்கு நடந்தேன். சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நின்றது பாதுகாப்புச் சோதனை வரிசை. அரை மணி நேரம் நின்றும் பாதிகூட நகரவில்லை. உள்ளே போகாமலே திரும்பினேன்.

நாங்கள் ஏற வேண்டிய ரயில் 45 நிமிடம் தாமதம். அந்த 45 நிமிடத்தில் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தவறவிட்டால் நம் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதையும் செய்யவில்லை.

நாங்கள் கப்பலில் ஏறியபோது 5.48. இன்னும் 12 நிமிடம் தாமதித்திருந்தால் கரையிலேயே நின்றிருப்போம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்டேன். சிங்கப்பூரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "உங்களுக்கு என்னப்பா பாக்கணும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "கப்பல் கரை சேர்றத மேல நின்னு பாக்கணும். இத்தன வருஷம் கீழ நின்னுதான் பாத்திருக்கேன்."

மூன்று நாளும் அவர் காலையில் மேல்தளத்துக்குப் போகக் கிளம்பியபோதெல்லாம், "பசியாற நேரமாச்சு, வாங்கப்பா" என்று கீழே இழுத்து வந்தது நான்தான்.

நேப்பிள்ஸ் காலை

மறுநாள் விடியும் முன்பே மூவரும் மேல்தளத்தில் இருந்தோம். அம்மாவுக்கு ஒரு நாற்காலி, கையில் தேநீர். இருட்டு விலகும்போது வெசுவியஸ் எரிமலை முதலில் நிழலாகத் தெரிந்தது. கி.பி. 79இல் பொம்பெய் நகரைச் சாம்பலில் புதைத்தது இந்த மலைதான். அதற்குக் கீழே, கிழக்குப் பக்கம், கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.

அப்பா மலையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து ஒட்டிய சின்னப் படகைக் காட்டினார். "அதுல வர்றவர்தான் பைலட். எவ்வளவு பெரிய கேப்டனா இருந்தாலும், உள்ளூர்க் கடல் தெரிஞ்ச ஆள் பக்கத்துல நின்னாத்தான் உள்ள வர முடியும்." கப்பல் மெதுவாகத் திரும்பிப் பின்பக்கமாக நகர்ந்ததையும், மெல்லிய கயிறு முதலில் கரைக்குப் பறந்து போய், அதன் பின்னால் கனமான வடம் இழுபட்டதையும், கரையில் நின்றவர்கள் அதை இரும்புக் கட்டையில் மாட்டியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வானொலியில் நேரடி வர்ணனை செய்பவள் நான். அன்று வர்ணனையாளர் அப்பா. அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நான் குறித்திருந்த பொம்பெய்யை அடித்துவிட்டேன். ரயிலில் 40 நிமிடம்தான், ஆனால் அங்கேயும் கல் பாவிய தெருக்கள். நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் மடியிலேயே நிற்கும். இறங்கியதும் டாக்சி பிடித்து தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பொம்பெய்யில் கிடைத்த ஓவியங்கள், தரைச் சித்திரங்கள், வீட்டுப் பொருள்கள் பல அங்கேதான் இருக்கின்றன. மின்தூக்கி உண்டு, உட்கார இடமும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அங்கே நான் தேடிப் போனது ஒரே ஒரு பொருளை. 1938இல் பொம்பெய்யில் தோண்டி எடுத்த, இந்தியாவில் செதுக்கிய தந்தச் சிலை. உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதை வைத்திருக்கும் 'ரகசிய அறை'யில் சுற்றிலும் இருப்பவை, பெற்றோருடன் நின்று பார்க்கக் கூச்சப்பட வைக்கும் பழங்கால ரோமானியப் படங்களும் சிலைகளும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இதப் பாக்கவா கூட்டிட்டு வந்தே?" என்றார். சிலைக்கு முன் வந்ததும் குரல் மாறியது. "அந்த வளையல் அடுக்கப் பாரேன். நம்ம ஊருப் பொண்ணு மாதிரியே இருக்கா."

முதலில் அதை லட்சுமி என்றார்கள். இப்போது யட்சி என்று சொல்பவர்களே அதிகம். எதுவானாலும், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அவள் கடல் கடந்து வந்தவள். சங்க இலக்கியம் பேசும் யவனர்கள் மிளகு வாங்க நம் கரைக்கு வந்து போன காலம் அது. கரூர்ப் பக்கம் ரோமானிய நாணயங்கள் கிடைப்பதும் அந்த வணிகத்தால்தான். அப்பா சிலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பவே யாரோ ஒருத்தன் ஏத்தி எறக்கியிருக்கான்" என்றார்.

மதியம் பீட்சா. நேப்பிள்ஸின் 'மரினாரா' பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ இலை மட்டும்தான், பாலாடைக்கட்டிகூட இல்லை. அம்மா முழுதாகச் சாப்பிட்டார். மூன்று மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

கிளம்பும் முன்

அதற்குப் பிறகு வந்த பால்மாவிலும் ஓர் இடம்தான். கடலைப் பார்த்து நிற்கும் பேராலயம், அதன் எதிரே ஒரு காப்பிக் கடை. அட்டவணையை அதற்குமேல் திறக்கவில்லை.

பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால், அறை பதிவு செய்யும் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். "நீங்க எதைப் பாக்கணும்?" ஒரு பதில் போதும். பிறகு துறைமுகத்துக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைவிட, நகரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். தூரமான ஊருக்குக் கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போங்கள், பக்கத்து ஊரைச் சொந்தமாகச் சுற்றுங்கள். கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருங்கள்.

நான் எடுத்த 1,200 படங்களையும் அப்பாவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன். கொலோசியத்தின் முன் மூவரும் நிற்கும் படம் அழகாக வந்திருக்கிறது. அவர் திரையில் வைத்திருப்பது, அரை இருட்டில் நேப்பிள்ஸ் துறைமுகப் பாரந்தூக்கி ஒன்றின் படம். அதுவும் கொஞ்சம் கலங்கலாக. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் காட்டுகிறார்.