சக்கரம் நிற்க வேண்டும்

போன வாரம் செசபீக் விரிகுடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். இரவு முழுக்க சுக்கான் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிரேக் குமிழை எவ்வளவு இறுக்கியும் ஸ்டீயரிங் சக்கரம் நிற்கவில்லை.

பாய்மரப் படகில் இந்த பிரேக் படகை நிறுத்தாது. சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் அலை சுக்கானை ஆட்டி ஆட்டி மூட்டுகளைத் தேய்த்துவிடும்.

நேற்று ஸ்டீயரிங் தூணின் மேலிருக்கும் திசைகாட்டியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். சக்கரத்தின் தண்டை இருபுறமும் கவ்வும் பட்டைகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. பேரிங்கிலிருந்து வழிந்த கிரீஸ் வேறு. பட்டைகளை மாற்றுவது எளிது. அலுமினியத்துக்குள் இறுகிப்போன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளைக் கழற்றத்தான் பாதி நாள் போனது. உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் புதுத் திருகுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பசை தடவினேன். தண்டை நன்றாகத் துடைத்து, கிரீஸ் பேரிங்குக்கு மட்டும் வைத்தேன். திசைகாட்டியின் கோட்டைப் படகின் நடுக்கோட்டுக்கு இணையாக வைத்து மாட்டினேன்.

திறந்த கையோடு சக்கரத்தின் சங்கிலியையும் சுக்கானுக்குப் போகும் கம்பிவடத்தையும் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தன. மனசு லேசானது.

படகு வைத்திருக்கும் நண்பர்களே, வருடத்துக்கு ஒருமுறை ஸ்டீயரிங் தூணைத் திறந்து பாருங்கள். கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள். கம்பிவடம் அறுந்தால் உதவும் அவசரகால சுக்கான் பிடியை ஒருமுறை பொருத்திப் பழகுங்கள். கடலில் அதைத் தேட நேரம் இருக்காது.