மாலை ஐந்து முதல் ஏழு வரை

"மனுதாரர் தொழிலாளி அல்ல. அவர் பிளஸ் டூ மாணவர். அந்த வயதுடையவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே முதலாளி-தொழிலாளி உறவே இல்லை. மனுவைச் செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்ய வேண்டும்."

எதிர்த் தரப்பு தாக்கல் செய்த எதிருரையின் சாரம் இது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது. மனுதாரர் பள்ளியிலிருந்து பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர், விபத்தன்று வேடிக்கை பார்க்க வந்தவர், யாரும் சொல்லாமலே இயந்திரத்தைத் தொட்டவர். ஒரே ஆள் எப்படிப் பயிற்சியாளராகவும் பார்வையாளராகவும் இருக்க முடியும் என்று எதிருரை எழுதிய நண்பரை வராண்டாவில் கேட்டேன். "ஏதாவது ஒண்ணு நிக்கட்டுமே" என்றார் சிரித்துக்கொண்டே. எதிருரை எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

பையன் கோவைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு, பொது இயந்திரவியல். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் வகுப்பாசிரியர் ஐந்தாறு பையன்களை அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். நல்ல எண்ணம்தான். பள்ளியில் இருந்த லேத் பழையது. பையன்கள் பலருக்கு ஒரே லேத். இவன் போனது பம்ப்செட் மோட்டாருக்குத் தகடு ஸ்டாம்பிங் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை. ஆறேழு பேர் வேலை செய்யும் இடம். பையன் கைவேலை முதலாளிக்குப் பிடித்துவிட்டது. பயிற்சி முடிந்த நாளில், "ஸ்கூல் விட்டு சாயங்காலம் வந்துட்டுப் போ கண்ணு, ஏழு மணிக்கெல்லாம் விட்டுடறேன்" என்றிருக்கிறார். வார நாளில் 150 ரூபாய், ஞாயிறு என்றால் 300. அப்பா மார்க்கெட்டில் லோடுமேன், முதுகுவலியில் பாதி நாள் வீட்டில் கிடப்பவர். அந்த வீட்டில் இதை வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இந்த மாதிரி வழக்கு கையில் வந்தால் முதலில் பார்ப்பது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பதிவு இருந்தால் நிவாரணம் அங்கேதான் கேட்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வர முடியாது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் அந்தக் கதவு இல்லை. ஆகவே அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு. மைனர் என்பதால் காப்பாளர் ஒருவர் மனுப்போட வேண்டும். அப்பாவை விட்டு அம்மாவைப் போட்டேன். அதற்குக் காரணம் ஒரு இருபது ரூபாய் பத்திரம்.

விபத்து 2016 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை இரவு. தீபாவளி முடிந்த வாரம். பவர் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்பவர் பீகார்க்காரர், சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். தீபாவளி லீவில் தேங்கிய ஆர்டர் வேறு. பிரஸ்ஸில் பையனை நிறுத்தினார்கள். தகட்டைக் கையால் டைக்கு மேல் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைக் கழற்றி எப்போதோ சுவரோரம் சாத்தியாயிற்று. தடுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு விழும் பீஸ் எண்ணிக்கை குறையும். 8.40 மணிக்கு கையை எடுப்பதற்குள் ஸ்ட்ரோக் இறங்கிவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு.

முதலாளிதான் தன் வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. திங்கட்கிழமை, நவம்பர் 7, வீட்டுக்கே வந்து 25,000 ரூபாய் கொடுத்தார். பத்திரத்தில், "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று அப்பாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். எல்லாம் ஐந்நூறும் ஆயிரமுமான நோட்டு. மறுநாள் இரவு எட்டு மணிக்கு அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். கையில் கட்டோடு பையன் வீட்டில் படுத்திருக்க, அப்பா வங்கி வாசலில் வரிசையில் நின்றார். முதலாளி வேண்டுமென்றே செய்த காரியம் இல்லை. அவருக்கும் அன்று அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் வக்கீலைத் தேடி வந்ததற்கு விரலைவிட அந்த வரிசைதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பத்திரம் நிற்காது. மைனருக்குச் சேர வேண்டிய மொத்தத் தொகையை முதலாளி நேரடியாகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது என்று அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொன்னது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு. கையெழுத்துப் போட்ட அப்பாவையே காப்பாளராகக் கொண்டுவந்து குறுக்கு விசாரணையில் நிறுத்துவானேன் என்றுதான் அம்மா.

மைனர் ஒப்பந்தம் செல்லாது என்ற வாதத்துக்கு எதிர்த் தரப்பு 1903ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பை, சட்டக் கல்லூரி முதல் வருடத்திலேயே எல்லோரும் படிக்கும் மோகரி பீபி வழக்கை, எடுத்து வைத்தது. கனமான தீர்ப்பு. பதிலுக்கு நான் இழப்பீட்டுச் சட்டத்தின் நான்காவது அட்டவணையை மட்டும் திறந்து காட்டினேன். வயதுக்கு ஏற்ப எந்தக் காரணியால் பெருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. முதல் வரியே '16 வயதுக்கு மிகாமல்: 228.54'. மைனர் தொழிலாளியே கிடையாது என்றால் அந்த வரியை யாருக்காக எழுதினார்கள்? ஆணையர் எழுதிக்கொண்டார். அதோடு அந்த வாதம் போயிற்று.

மீதி இருந்தது வேலை செய்தானா, எவ்வளவு கூலி என்பது. பட்டறையில் வருகைப் பதிவேடு கிடையாது, கூலிச் சீட்டு கிடையாது. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், நாங்கள் சொல்லும் ஏஆர் காப்பி, உதவியது. 'பட்டறையில் பிரஸ்ஸில் வேலை செய்தபோது, இரவு 8.40, அழைத்து வந்தவர் முதலாளி' என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். ஆனால் கூலிக்கு அது போதாது.

அப்போதுதான் அம்மா ஒரு ரஃப் நோட்டைக் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுக்கக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் ஜூன் முதல் ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, போன நேரம், வந்த நேரம், கூலி. வாங்கியதற்கு நேராக ஒரு டிக். அக்டோபரை எடுத்துக் கூட்டினோம். ஆயுதபூஜை, விஜயதசமி, தீபாவளி, அதற்கடுத்த ஞாயிறு, திங்கள் போக வார நாள் 22, ஞாயிறு நான்கு. 3,300ம் 1,200மாக 4,500 ரூபாய். விடுமுறை நாளுக்கு நேராகக் கோடு மட்டும் போட்டிருந்தான். வழக்குக்காக எழுதிய நோட்டில் அந்தக் கோடுகள் இருக்காது.

அந்த நோட்டில் எனக்குக் கூலியைவிட மூன்றாவது கட்டம்தான் முக்கியமாகப் பட்டது. ஜூனில் வந்த நேரம் 7.00, 7.05. ஜூலையில் 7.30. ஆகஸ்டில் எட்டு. செப்டம்பருக்குப் பிறகு ஒன்பது, ஒன்பதரை. யாரும் ஒரு நாள் உட்கார்ந்து 'இனி ஒன்பதரை வரை' என்று முடிவு செய்யவில்லை. 'இந்த லாட் மட்டும் முடிச்சுட்டுப் போயிடு' என்று ஒவ்வொரு நாளும் ஓர் அரை மணி. கூலி மட்டும் அதே 150. காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முந்தைய வருடம் வகுப்பில் முன்னால் நின்றவன் இரண்டு பாடத்தில் விளிம்பில் தேறியிருந்தான்.

வகுப்பாசிரியரைச் சாட்சியாக அழைத்தேன். எதிர்த் தரப்பு அவரிடம் பள்ளி வருகைப் பதிவேட்டைக் காட்டி, விபத்துக்கு முன் பையன் பெரும்பாலும் லீவே போடவில்லையே, அப்படிப்பட்டவன் எப்படி வேலைக்கும் போயிருக்க முடியும் என்று கேட்டது. "வருவானுங்க. ரெண்டாவது பீரியடுல தூங்கிடுவானுங்க. பொறுப்பான பையன், வீட்டு நிலைமை தெரியும், எழுப்ப மனசு வரலீங்க" என்றார் அவர். வகுப்பாசிரியர் எழுப்பவில்லை, முதலாளி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அப்பா எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்கவில்லை. வழக்கில் வந்த அத்தனை பேரும் அவனைப் பொறுப்பான பையன் என்று பாராட்டினார்கள். தங்கள் தங்கள் பொறுப்பையும் சேர்த்து அவன் தலையில் வைத்துவிட்டுத்தான் பாராட்டினார்கள் என்பது என் கருத்து.

படிக்கிற பிள்ளை வேலைக்கே போகக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு ஆச்சரியம். 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால், 14 வயது முடியாதவரை, குடும்பத் தொழிலில் கைகொடுப்பது போன்ற சில விலக்குகள் தவிர, எங்கும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முடிந்து 18 ஆகாதவரை ஆபத்தான தொழிலில் மட்டும் வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கூடாது, இடையில் ஒரு மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் முழு விடுமுறை, ஓவர்டைம் கிடையாது, ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூடாது, இரவு ஏழு முதல் காலை எட்டு வரை கூடவே கூடாது. எழுத்துப்படி பார்த்தால் விடியற்காலையில் பேப்பர் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிற பையனும், முகூர்த்த நாளில் மண்டபத்தில் இரவுப் பந்திக்கு இலை போடுகிற பையனும் இந்த எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பேப்பர் போட்டுப் படித்த வக்கீல்கள் எங்கள் பார் அசோசியேஷனிலேயே உண்டு. அவர்களிடம் இந்தப் பிரிவைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பள்ளி விடுவது நாலு மணி சுமாருக்கு. பட்டறைக்குப் போய்ச் சேர ஐந்து. ஆக அவனுக்குச் சட்டம் விட்டுவைத்த நேரம் இரண்டு மணி. முதலாளி முதல் நாள் தன் வாயால் சொன்னதும் அதே இரண்டு மணிதான்.

குறுக்கு விசாரணையில் அவருடைய கடைசி அரண், 'பிரஸ்ஸைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன், மீறிவிட்டான்' என்பது. அது வெறும் சால்ஜாப்பு அல்ல. பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினால், பகுதி ஊனத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் விதிவிலக்கு இருந்தது.

"அன்னைக்கு பிரஸ் ஆபரேட்டர் எங்கே?"

"ஊருக்குப் போயிட்டாருங்க."

"ஏழு மணிக்கு மேல பிரஸ்ஸை ஓட்டினது யாரு?"

பதில் இல்லை.

"அன்னைக்கு எத்தனை பீஸ் டெலிவரி கொடுத்தீங்க?"

டெலிவரி சலான் அவர்களே தாக்கல் செய்த ஆவணம், ஆர்டர் குறைவு என்று காட்டுவதற்காக. மறுநாள் காலை தேதியிட்டு சரக்கு போயிருந்தது. சலானைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேள்விக்குச் சம்பந்தமில்லாமல், "நானும் பதினாலு வயசுல லேத்துல நின்னவந்தானுங்க. எனக்கு யாரும் ஏழு மணின்னு சொல்லலீங்க" என்றார். ஆணையர் அதைப் பதிவு செய்யச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த வழக்கில் சொல்லப்பட்டவற்றில் மிக உண்மையான வாக்குமூலம் அதுதான்.

நேர வரம்பை மீறினால் ஒரு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். புகார் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாமுங்க, பையனுக்கு ஆக வேண்டியது ஆனாப் போதும்" என்றார்.

உத்தரவு 2018 கடைசியில் வந்தது. பையனுக்கு அதற்குள் 18 முடிந்து, மேஜர் என்று மனுப்போட்டுத் தானே மனுதாரராகியிருந்தான். கணக்கு எளிது. 4,500இல் 60 சதவீதம் 2,700. அதை 228.54ஆல் பெருக்கினால் 6,17,058. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கு அட்டவணை தரும் இழப்பு 11 சதவீதம், நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. பதினெட்டு சதவீதத்துக்கு 1,11,070 ரூபாய். விபத்து நடந்த ஒரு மாதத்துக்குப் பிறகிலிருந்து 12 சதவீத வட்டி. முன்னால் கொடுத்த 25,000ஐக் கழிக்கவில்லை. அபராதத் தொகை கேட்டிருந்தேன், கொடுக்கவில்லை. இரண்டு கணுவுக்குப் பதினொன்று என்று சொல்லும் ஒரு பட்டியல், லேத்தில் மைக்ரோமீட்டர் பிடிக்க வேண்டிய கைக்கும் மற்றக் கைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அட்டவணைக்கு மேல் போக மருத்துவர் சான்று வேண்டும். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த் தரப்பு அப்பீல் போகவில்லை. போவதானால் முழுத் தொகையையும் முதலில் கட்டியாக வேண்டியிருந்தது. அதற்குக் கொடுத்தே தீர்த்துவிடலாம் என்று நண்பர் சொல்லியிருப்பார்.

பையன் 2017 மார்ச்சில் சொல்வதை எழுதுபவர் துணையோடு பொதுத் தேர்வு எழுதித் தேறியிருந்தான். அடுத்த வருடம் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் சேர்ந்தான். பணத்தை எடுக்க விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்தபோது, மறுபடி சாயங்கால வேலைக்குப் போகலாமா சார் என்று கேட்டான். 18 ஆகிவிட்டது, ஏழு மணி விதி இனி உனக்கில்லை, போகலாம், ஆனால் இஎஸ்ஐ பதிவு உள்ள இடமாகப் பார், வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கு என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தான்.

"கேட்டேன் சார். இஎஸ்ஐன்னதும் வேலைக்கு ஆள் வேண்டாம்னுட்டாங்க."

"அப்புறம்?"

"வேற ரெண்டு இடம் பார்த்து வெச்சிருக்கேன் சார். ஒண்ணுல ஆறு மணிக்கு ஷட்டர் போட்டுடுவாங்களாம்."