பத்துப் பையும் ஒரு குவிண்டாலும்

கொல்லிமலையில் மிளகு கொள்முதல் செய்துவந்த ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் சில மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் தொடுத்த வழக்கு அது. கேட்ட தொகை சிறியது. நாமக்கல் நீதிமன்றத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு ஆகும் செலவு அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் கணினி அச்சடித்துத் தரும் காகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை எனக்கு விளங்கவைத்த வழக்கு அதுதான்.

ஒப்பந்தம் எளிமையானது. காய்ந்த மிளகைப் பத்து கிலோ பைகளாகக் கட்டி நிறுவனம் வாங்கும். எடை கூடினால் அங்கேயே அள்ளிக் கொடுத்துவிட்டுப் பையைத் தைப்பார்கள். ஒரு பருவத்தில் ஒரு குடும்பம் ஒரு குவிண்டாலோ அதற்கு மேலோ கொடுத்தால், விலைக்கு மேல் ஊக்கத்தொகை உண்டு. தராசோடு இணைந்த சிறு கருவி ஒன்று குடும்பவாரியாகக் கணக்கு வைத்து, ஒவ்வொரு முறையும் சீட்டு அடித்துத் தரும். தொடக்கத்தில் பிரச்சினை எதுவும் இல்லை. நிறுவனம் கருவியை மாற்றிய பருவத்தில்தான் தகராறு முளைத்தது.

மலையிறங்கி வந்தவர்களில் மூத்தவர் சீட்டுகளைத் தேதி வரிசையில் நூலில் கோத்து வைத்திருந்தார். “பையி பத்துங்க. கடைசிச் சீட்டுல ஒண்ணு புள்ளி சைபர் சைபர்னு அவுங்களே அடிச்சிருக்காங்க. போனஸ் கேட்டா, கம்ப்யூட்டர்ல இன்னும் ஒரு குவிண்டால் ஆகலைங்கறாங்க. இது என்னங்க சார் நாயம்?”

சீட்டைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் அடுத்துச் சொன்னது. ஜீப் பிடித்துப் பத்துப் பையையும் ஒரே தடவையில் இறக்கியவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைத்திருந்தது. பதினொரு பை கொடுத்தவர்களுக்கும் கிடைத்திருந்தது. வண்டி போகாத ஊர்களிலிருந்து, காயக் காய ஒவ்வொரு பையாகத் தலைச்சுமையில் கொண்டுவந்து, பத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இல்லாதப்பட்டவர்களாகப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

மோசடி என்று பிராதில் எழுதச் சொன்னார்கள். நான் இசையவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 4-இன்படி, மோசடி என்று சொன்னால் அதன் விவரங்களைப் பிராதிலேயே தர வேண்டும். எங்கள் கையில் இருந்தது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியல் மட்டுமே. கையைக் காட்ட ஆள் இல்லை. ஆகவே ஒப்பந்த மீறல் என்று மட்டும் எழுதி, ஒரே நலன் கொண்ட எல்லாருக்குமாகச் சிலர் வழக்காட கட்டளை 1, விதி 8-இன் கீழ் அனுமதி பெற்றேன்.

எதிர் வழக்குரை திடமாகவே இருந்தது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பழைய கருவியில் ஓடியதுதான் புதியதிலும் ஓடுகிறது. புதிய கருவி பழையதைவிடத் துல்லியமானது. கூடவே இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ். மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் காட்ட இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிறகு 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் அதை உறுதிசெய்தது. சம்பந்தப்பட்ட காலம் முழுவதும் கணினி முறையாக இயங்கியது என்பது அந்தப் பிரிவு கேட்கும் நிபந்தனைகளில் ஒன்று. சான்றிதழில் அந்த வரி இருந்தது. அது உண்மையும்கூட. வழக்கின் சிக்கலே அதுதான்.

நிரலை வரவழைத்தோம். விலை குவிண்டால் கணக்கில் இருந்ததால் ஒரு பைக்கு 0.1 என்று வைத்திருந்தார்கள். வந்த பைகளை 0.1-ஆல் பெருக்கி, அந்தக் குடும்பத்தின் மொத்தத்தோடு கூட்டு. மொத்தம் ஒன்றோ அதற்கு மேலோ ஆனால் ஊக்கத்தொகை கொடு. அவ்வளவுதான். படித்தவர் யாருக்கும் அதில் குற்றம் தெரியாது. விஞ்ஞான ஆய்வுக்கு ஆணையர் அமர்த்த வழிசெய்யும் கட்டளை 26, விதி 10ஏ-இன் கீழ் மனுப் போட்டேன். பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். நிறுவனத்தின் கிடங்கில் பழைய கருவியும் பத்திரமாக இருந்தது எங்கள் நல்ல காலம்.

இரு தரப்பு முன்னிலையில் இரண்டு கருவிகளிலும் ஒரே நிரலை ஓட்டினார்கள். பத்துத் தடவை ஒவ்வொரு பையாகப் பதிந்தபோது பழைய கருவிக்குள் இருந்த மொத்தம் 1.0000001. புதியதற்குள் 0.9999999999999999. புதியதில் பத்துப் பையை ஒரே தடவையில் பதிந்தால் மிகச் சரியாக 1. சீட்டு இரண்டு தசம இடங்களுக்குத்தான் அச்சடிக்கும் என்பதால் மூன்றிலும் வந்தது 1.00. பெரியவரின் பட்டியல் அப்படியே கண்முன் நிரூபணமாயிற்று.

காரணத்தை ஆசிரியர் சாட்சிக் கூண்டில் பொறுமையாக விளக்கினார். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறது. கணினி இரண்டின் அடிமானத்தில் எழுதுவதால் அங்கே பத்தில் ஒன்றுக்கு அந்தக் கதி. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். எங்கே வெட்டுவது, எப்படி முழுமையாக்குவது என்று 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரம் வகுத்தது. அதற்கு முன்நின்ற வில்லியம் கஹான் 1989-இல் டூரிங் விருது பெற்றார். அந்தத் தரத்தின் மிதவைப் புள்ளி எண்களில் ஒற்றைத் துல்லியம் 32 பிட்; எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட் துல்லியம். இரட்டைத் துல்லியம் 64 பிட். இலக்கங்களுக்கு 53 பிட்.

ஒரே நிரல் இரண்டு கருவிகளில் இரண்டு துல்லியத்தில் ஓடியது ஏன் என்று நீதிபதி கேட்டார். நிரலை நேரடியாகச் சில்லு படிப்பதில்லை. இன்டர்பிரட்டர் என்ற இடைநிலை மென்பொருள் அதைப் படித்து நிறைவேற்றுகிறது. பிரேசிலில் 1993-இல் பிறந்த லுவா போன்ற மொழிகள் சிறு கருவிகளில் இப்படித்தான் ஓடுகின்றன. அத்தகைய மொழியில் ஒரு பெயருக்குள் எண்ணும் வரலாம், எழுத்தும் வரலாம். ஆகவே ஒவ்வொரு மதிப்போடும் அது எந்த வகை என்ற குறிப்பையும் இன்டர்பிரட்டர் சேர்த்து வைக்க வேண்டும். வழக்குக் கட்டின் மேல் டாக்கெட் ஒட்டுவது போல. டாக்கெட்டுக்கும் இடம் வேண்டுமே. 64 பிட் எண்ணோடு வகைக் குறிப்பையும் வைத்தால் நினைவகத்தில் பெரும்பாலும் 16 பைட் போய்விடும். 32 பிட் எண்ணானால் 8 பைட்டில் முடியும். சிறு சில்லுகள் பலவற்றில் ஒற்றைத் துல்லியக் கணக்குக்கு மட்டுமே வன்பொருள் உண்டு. அதனால் பழைய கருவியின் இன்டர்பிரட்டரை 32 பிட்டுக்கு அமைத்திருந்தார்கள். புதிய கருவியில் இடம் தாராளம், 64 பிட்.

பெரிய கணினிகளிலும் இந்த இடப் பிரச்சினைக்கு ஆளுக்கொரு வழி உண்டு என்றார். பைத்தான் ஒவ்வொரு தசம எண்ணையும் தனிப் பொருளாக்கி 24 பைட் செலவழிக்கிறது. லுவாஜிட்டும், ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ஸ்பைடர்மங்கியும் தந்திரமானவை. 64 பிட் வடிவங்களில் ‘இது எண்ணே அல்ல’ என்று குறிக்கத் தரம் ஒதுக்கியவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் காலி இடங்களுக்குள்ளேயே வகைக் குறிப்பையும் முகவரிகளையும் அவை ஒளித்துவைக்கின்றன. எண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்பது இன்டர்பிரட்டரை எழுதியவரும் கருவியில் அமைத்தவரும் எடுக்கும் முடிவு. நிரலில் அது எங்கும் தெரியாது. ‘ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை’ என்ற எதிர்வாதத்தின் உயிர் அந்தப் பதிலோடு போயிற்று.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் லேசுப்பட்டவர் அல்லர். “இரட்டைத் துல்லியத்தில் 0.1 என்பது உண்மையான பத்தில் ஒன்றைவிடக் கூடுதலா, குறைவா?” என்று கேட்டார். கூடுதல், துளியினும் துளி. “அப்படியானால் பத்துக் கூடுதலைச் சேர்த்தால் ஒன்றுக்குக் குறையுமா?” நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் அசரவில்லை. ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடையை அருகிலுள்ள, எழுதக்கூடிய எண்ணுக்கு நகர்த்த வேண்டியிருக்கிறது. சில நகர்த்தல் மேலே, சில கீழே. மூன்று பையில் 0.30000000000000004 என்று மிஞ்சி நிற்கும் மொத்தம், எட்டாவது பையில் 0.7999999999999999 என்று இறங்கிவிடுகிறது. பத்துப் படியையும் தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாள் எங்கள் தரப்புச் சான்றாவணமாயிற்று.

அதன்பின் என் வாதம் சுருக்கமாக முடிந்தது. கருவி கெட்டுப்போகவில்லை, யாரும் கைவைக்கவும் இல்லை, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் மிளகின் எடையைப் பற்றியது. கருவிக்குள் இருக்கும் எண் அந்த எடையைப் பற்றிய குறிப்பு, எடையே அல்ல. பத்துக் கிலோ வீதம் பத்துப் பை வாங்கியதை நிறுவனம் மறுக்கவில்லை. 1.00 என்ற சீட்டு அவர்கள் கையால் கொடுத்த ஒப்புதல். குறிப்பை எந்த வடிவில் வைப்பது என்று தேர்ந்தெடுத்தது நிறுவனம். மலையில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. தேர்ந்தெடுத்தவர்தான் அதன் விளைவைச் சுமக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவங்களையும் எடுத்துக்காட்டினேன். வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கிலும் மூன்று தசம இடங்களுக்குப் பிறகு வெட்டிக்கொண்டே வந்ததில், 1983 நவம்பரில் அது 524 புள்ளியில் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098-ஐத் தாண்டியிருந்தது. பிரிட்டனில் அஞ்சல் துறையின் ஹொரைசன் மென்பொருளை நம்பி, துணை அஞ்சலக நடத்துநர்கள் பலர் திருட்டுக்கும் பொய்க்கணக்குக்கும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மென்பொருளின் கோளாறு வேறு வகை. ஆனால் கணினி சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

தீர்ப்பு வரை போகவில்லை. நீதிபதி இரு தரப்பையும் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். விடுபட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் ஊக்கத்தொகை, வழக்கில் பெயர் சேர்க்காதவர்களுக்கும் சேர்த்து. கணக்கை இனிக் குவிண்டாலில் வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வைப்பது; ஒரு பை 10,000, வரம்பு 1,00,000. இரட்டைத் துல்லியத்தில் 9,00,71,99,25,47,40,992 வரை எல்லா முழு எண்ணும் பிசகாமல் நிற்கும். கொல்லிமலையில் அவ்வளவு மிளகு காய்க்காது. மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. பணம் வந்ததும் பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “அப்ப அவுங்க வேணும்னு செய்யலீங்களா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு அதில் முழுத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை.

2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. அதன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும். பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவை யாரும் பின்னர் திருத்தவில்லை என்பதைத்தான் ஹாஷ் காட்டும். 0.9999999999999999 என்ற எண்ணுக்கும் ஹாஷ் சுத்தமாகவே வரும். ஆகவே எடையோ தொகையோ கொண்ட மின்னணுப் பதிவு எதிர்த்தரப்பிலிருந்து வந்தால், குறுக்கு விசாரணையில் மூன்று கேள்விகளை இப்போது நான் விடுவதில்லை: கருவிக்குள் இந்த எண் முழு எண்ணா, மிதவைப் புள்ளியா? எத்தனை பிட்? அச்சுக்கு வருமுன் எத்தனை இடங்களை விட்டுவிட்டீர்கள்? பெரும்பாலான சாட்சிகள் இரண்டாவது கேள்வியிலேயே தங்கள் வழக்கறிஞரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.